மெட்ராஸ் புல்

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு இதைப் படிக்கப்போகும் என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. அவர்களுக்கு ரயில் பொம்மை கடையில் கிடைக்கிறது. மலை, மரம், புல் எல்லாம் சேர்த்தே ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்களாம்.

போன மாதம் பாகாயத்தில் நம் முதியோர் கூட்டத்தில் பழைய கிறிஸ்துமஸ்களைப் பற்றிப் பேச்சு வந்தது இல்லையா? அப்போது ஆம்பூர்க்காரப் பெரியவர் ஒருவர், அந்தக் காலத்து வக்கீல் வீட்டுப் பிள்ளை, தடியை ஊன்றி எழுந்து நின்றார். "எங்க ஊரு மிஷன் பங்களாவுல ஒரு பாதிரியாரு சாவி குடுத்தா ஓடுற ரயில் வெச்சிருந்தாரு. சுத்தி மலை. மலையெல்லாம் புல்லு. நெசப் புல்லு தோத்துப் பூடும். மெட்ராஸ்லேர்ந்து வாங்கியாந்ததாம். அந்த மாதிரி புல்லை அதுக்கப்புறம் நான் எங்கயும் பார்க்கல" என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் முகம் சிவந்து கிடக்கிறது. இந்தக் கிழவிக்கு இனிமேல் என்ன வெட்கம் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அன்றைக்குப் பட்ட வெட்கம் அப்படியே உள்ளே கிடந்திருக்கிறது.

எங்கள் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. நைனா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். சுண்ணாம்புக் குழிகள் அவர் பொறுப்பு. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் மயிர் வேரோடு இளகிவிடும். பிறகு அதைச் சரிவான கட்டைமேல் விரித்து மழுங்கல் கத்தியால் வழித்தால் தோல் ஒரு பக்கம், மயிர் ஒரு பக்கம் வந்துவிடும். அந்த மயிரை அலசிக் காயவைக்கிற கொட்டகையில் அம்மாவுக்கு வேலை. இப்படி அப்பாவும் அம்மாவும் ஒரே ஆட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு எங்களை வளர்த்தார்கள்.

தோல் ஷாப்பு வாடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் ஆம்பூரில் நிற்கும்போது ஜன்னலைச் சாத்தியவர்கள்தானே நாம் எல்லோரும்? எங்களுக்குச் சாத்துவதற்கு ஜன்னல் இல்லை. சனிக்கிழமை சாயங்காலமே நைனா குளிக்க ஆரம்பித்துவிடுவார். சீயக்காய், செங்கல் தூள், எலுமிச்சம் பழத் தோல் எல்லாம் தேய்ப்பார். ஞாயிறு காலையில் மறுபடியும் ஒரு குளியல். அதற்குமேல் பஜாரில் வாங்கிய அத்தரைக் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டு, கழுத்து நிமிர்ந்தபடி எங்களை மிஷன் கோயிலுக்கு அழைத்துப் போவார். கோயிலில் முன் பெஞ்சுகளில் வக்கீல் வீடு, தாசில் ஆபீஸ் கிளார்க் வீடு, உபாத்தியாயர் வீடுகள். நாங்கள் கடைசியில் பாயில் உட்காருவோம். வாயைத் திறந்து எங்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்கள் நடந்து போகும்போது வக்கீலம்மாவின் முந்தானை மட்டும் மெதுவாக மூக்குக்குப் போகும். அதைப் பார்க்காதது மாதிரி நைனா பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். நான் என் சடையை முன்னால் இழுத்து மோந்து பார்த்துக்கொள்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அந்த வயதிலேயே என் உடம்பு எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். மிஷன் பெண்கள் பள்ளியில் எட்டாவது முடித்திருந்தாள். மேலே டீச்சர் டிரெயினிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அது மிஷன் வளாகத்திலேயே தங்கிப் படிக்கிற படிப்பு. பொங்கல் கழிந்து புது வகுப்பு தொடங்கும். எந்தப் பெண்ணுக்கு இடம் என்று தீர்மானிப்பவர் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர்தான். இடம் கிடைத்தால் அக்கா டீச்சர். கிடைக்காவிட்டால் அம்மாவோடு மயிர் அலசும் கொட்டகை. நடுவில் வேறு வழி இல்லை என்பது எங்கள் வீட்டில் எனக்குக்கூடத் தெரியும்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் நைனா எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பாதிரி ஐயாவைப் பார்க்கப் போனார். ஐயா பங்களாவின் பின்னறையில் இருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், கொசு கடித்துச் சிவந்த கைகள். அந்த உயரத்தை மடக்கி மேஜைக்கடியில் நுழைந்து என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தார். மேஜைமேல் பார்த்ததும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். தண்டவாளம் வளைந்து வளைந்து ஓடியது. தகரத்தில் ஆம்பூர் ஸ்டேஷன். பிஸ்கட் டப்பாவை வெட்டிச் செய்த பாலாற்றுப் பாலம், அதன் கீழே நிஜமான ஆற்றுமணல். இரண்டு பக்கமும் செங்கல்லும் கோணியும் களிமண்ணும் வைத்துப் பூசிய மலைகள். கறுப்பும் சிவப்புமாக ஒரு இன்ஜின், பின்னால் மூன்று பெட்டிகள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊர் முழுவதையும் கூப்பிட்டுக் காட்டப்போகிறாராம்.

நைனா கைகட்டி நின்றார். "ஐயா, பெரிய பொண்ணு எட்டாவது பாஸ் பண்ணிட்டா. டீச்சருக்குப் படிக்கணும்னு ஆசைப்படுது. ஐயா மனசு வெச்சா..."

ஐயா பேசுவது அச்சில் போட்ட தமிழ். "மேஸ்திரியாரே, இடங்கள் சொற்பம். கேட்பவர்களோ அநேகர். நல்ல கைவேலை தெரிந்த பெண்களையே இவ்வருஷம் எடுக்கலாமென்றிருக்கிறேன். பார்ப்போம்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு மலையைக் காட்டினார். "என்னுடைய கவலை இப்போது புல்லைப் பற்றியது."

புல் விஷயத்தில் ஐயா நிறையப் பாடுபட்டிருந்தார். நிஜப் புல்லைப் பிடுங்கி நட்டிருக்கிறார், மறுநாளே வைக்கோலாகிவிட்டது. கிணற்றடிப் பாசியை ஒட்டியிருக்கிறார். அது சுருண்டு உதிர்ந்துவிட்டது. கடைசியாக மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுத் தூவியிருந்தார். மலை பூசணம் பிடித்த உப்புமா மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும் வழியில் கேட்டாள். "நைனா, வெள்ளாட்டு மயிரை நறுக்கிச் சாயம் போட்டா இன்னா?"

"இன்னாத்துக்கு?"

"புல்லுக்கு."

நைனா நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் நிஜம்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த நாட்கள் எங்கள் வீட்டில் எனக்கு நினைவிருக்கிற நல்ல நாட்கள். கம்பள வியாபாரி வேண்டாமென்று கழித்துப்போட்ட குட்டை மயிரை அம்மா மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வெள்ளை வெளேரென்று இருக்கும். அக்காவும் நானும் அதைப் பாலாற்றில் ஊற்றுத் தோண்டி அலசுவோம். அலசியது போதுமா என்று பார்க்க அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். ஒரு பிடி மயிரைப் பிழிந்து அதன்மேல் மஞ்சள் தூளைத் தேய்ப்பாள். சிவந்தால் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம், மறுபடியும் ஆற்றுக்குப் போக வேண்டும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அம்மாவும் சபைக்குத் தெரியாமல் எங்களுக்கு ஆரத்தி சுற்றியிருக்கிறாள்.

சாயக்காரர் வீட்டுத் தொட்டியில் மிஞ்சிய அவுரி நீலத்தில் முதலில் ஒரு முக்கு, பிறகு புளி கரைத்த மஞ்சள் தண்ணீரில் ஒரு முக்கு. பச்சை வந்துவிடும். ஆனால் அக்கா ஒரே பச்சையாகப் போடவில்லை. நீலம் தூக்கலாக ஒன்று, மஞ்சள் தூக்கலாக ஒன்று, நுனி மட்டும் டீத்தூள் தண்ணீரில் தோய்த்துக் காய்ந்த புல் மாதிரி ஒன்று. "நம்ம ஊரு மலை எங்கடி முழுப் பச்சையா இருக்குது? பாதி நாளு வெயில்ல வெந்துதான கெடக்குது" என்பாள். காய்ந்ததும் நக நீளத்துக்குக் கத்தரிப்பது என் வேலை. பழங்கோணித் துண்டில், தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சித் தடவி, மாவு சல்லடையில் மயிரைப் போட்டு அதன்மேல் சலிப்பாள். சலித்தால் படுத்துக்கொள்ளும். அதற்கும் ஒரு உபாயம் கண்டுபிடித்தாள். ஈரம் காய்வதற்குள் துண்டைத் தலைகீழாகத் திருப்பிக் கொடியில் கட்டிவிட்டாள். மயிர் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கியபடியே பசை இறுகிவிட்டது. எடுத்து நிமிர்த்தினால் நட்டுக்கொண்டு நிற்கிறது புல்! அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, ஆடு பார்த்தா மேஞ்சிரும்டி" என்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அக்காவின் கையைப் பார்த்து, "மருதாணி வெக்கிற வயசுல பச்சை வெச்சிக்கினு திரியுது பாரு" என்று கேலி செய்தார்கள். எங்கள் வீட்டுக் கொடி முழுவதும் புல்வெளி தலைகீழாகத் தொங்கியது. அந்த நாட்களில் நான் என் சடையை மோந்து பார்த்ததாக நினைவில்லை.

கூடையை நான்தான் தூக்கிக்கொண்டு நைனாவோடு பங்களாவுக்குப் போனேன். ஐயா ஒரு துண்டை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்தார், விரல் நுனியால் வருடினார். பிறகு அந்தப் பெரிய மனிதர் மண்டிபோட்டு மேஜை மட்டத்துக்குக் கண்ணை வைத்து மலைமேல் அதை வைத்துப் பார்த்தார். "ஆச்சரியம்! எங்கள் தேசத்திலும் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. மேஸ்திரியாரே, இது எங்கே கிடைத்தது?"

நான் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அக்கா பெயர் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். நைனாவின் கண் ஐயாவின் விரல்களுக்குப் போயிற்று. புல்லைத் தடவிய விரலால் ஐயா தன் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"மெட்ராஸ்லங்கய்யா" என்றார் நைனா. "தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் நான் போட்டு உடைத்துவிட்டேன். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நைனா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "பின்ன இன்னா சொல்றது? செத்த ஆட்டு மயிருன்னு சொன்னா அந்த மனுசன் கையால தொடுவாரா? பங்களாவை விட்டே தொரத்துவாரு. எடம் கெடச்சா போதும்ல? எடம் கெடச்சப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அக்கா விரலிடுக்கில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். "சரி நைனா" என்றாள்.

இதில் இன்னொரு சங்கடம் வந்து சேர்ந்தது. புல்லை மலையில் ஒட்ட மெல்லிய கையுள்ள பெண் யாராவது வேண்டும் என்று ஐயா அக்காவையே வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். அக்கா கோதுமை மாவுப் பசையால் ஒவ்வொரு துண்டாக ஒட்டினாள். மலையில் ஆடுகள் நடக்கிற தடத்தை மட்டும் மொட்டையாக விட்டாள். தண்டவாள ஓரத்தில் காய்ந்த புல்லை வைத்து அதன் நுனியைக் கொள்ளிக்கட்டையால் லேசாகக் கருக்கினாள். ஐயா பதறிப்போய், "ஏன் கெடுக்கிறாய்?" என்றார்.

"கெடுக்கலீங்கய்யா. இன்ஜின்ல இருந்து பொறி வுழுற எடத்துல புல்லு இப்டிதாங்க கருகிக் கெடக்கும்."

ஐயா குனிந்து அந்தக் கருகிய நுனியை உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "உனக்கு என்ன கைவேலை தெரியும், பெண்ணே?" என்று கேட்டார்.

இடத்துக்கான கேள்வி அதுதான் என்று எனக்கே புரிந்துவிட்டது. அக்காவின் கை புல்மேல் இருந்தது. அவள் நகக்கண்ணில் பச்சை இருந்தது. "கூடை பின்னுவேங்கய்யா" என்றாள்.

"கூடை எல்லாரும் பின்னுகிறார்கள். இந்தப் புல்லைச் செய்த மனிதனைப் பார். எவ்வளவு பொறுமை, எவ்வளவு கவனம்! அப்படிப்பட்ட ஒருவரே எனக்கு வேண்டும்" என்றார் ஐயா. அக்கா தலையாட்டினாள். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. யாருக்காக வெட்கப்படுகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மலையின் களிமண் காய்ந்து புல் துண்டுகளுக்கு நடுவே வெடிப்பு விட்டிருந்தது. ஐயா வெளியூர் போயிருந்தார். அக்காவைக் கேட்டிருந்தால் களிமண்ணைக் குழைத்து அடைத்திருப்பாள். நைனா கேட்கவில்லை. "இதுக்கு சுண்ணாம்பு வெச்சா கல்லு மாதிரி புடிச்சிக்கும்" என்று குழியிலிருந்து கெட்டிச் சுண்ணாம்பு கொண்டுவந்து, புல் துண்டுகளை ஓரத்தில் தூக்கித் தூக்கி அடியில் அப்பினார். சுண்ணாம்பிலேயே வாழ்ந்த மனிதர். அவர் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் மஞ்சள் தேய்த்து அலசிய பெண்தான். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு நைனா விசில் அடித்துக்கொண்டே வேலை செய்தார்.

அன்று முழுக்கத் தூறல், பின்னறைக்குள்ளும் ஓதம் ஏறி அப்பிய சுண்ணாம்பு காயவே இல்லை. மறுநாள் காலை கோயில் மணி அடிக்கிறவர் ஓடி வந்தார். "மேஸ்திரி, சீக்கிரம் வாங்க. மலை மேல ரத்தமா கெடக்குது!"

போய்ப் பார்த்தோம். ஈரத்தில் சுண்ணாம்பு ஊறி ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் சிவப்பு ஏறியிருந்தது. மலைச் சரிவெல்லாம் திட்டுத்திட்டாக ஆரத்தித் தட்டைக் கவிழ்த்த மாதிரி. இரவு ஊர் திரும்பியிருந்த ஐயா நடுவில் நின்றார். சாயங்காலம் ஊரே வரப்போகிறது.

"மேஸ்திரியாரே, இது மெட்ராஸ் கடையில் வாங்கிய புல்தானே?"

நைனாவின் கழுத்து இறங்கியது. "இல்லீங்கய்யா" என்றார். "அது... ஆட்டு மயிருங்க. எங்க வேலைக் கொட்டாயில கெடச்சது. பொண்ணு செஞ்சதுங்க. அறியாப் பொண்ணு, மஞ்சளைப் போட்டுக் கெடுத்துட்டா. மன்னிச்சிருங்க."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சையாக இருந்தபோது அது மெட்ராஸ் கடை. சிவந்தபோது அது அக்கா. நைனா சொல்லிமுடித்தபோது எனக்கு அந்த அறையை விட்டு எங்காவது ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அக்கா குனிந்து ஒரு துண்டின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. அதை ஒருமுறை பார்த்தாள், நைனாவை ஒருமுறை பார்த்தாள், துண்டை அப்படியே கீழே விட்டுவிட்டாள்.

ஐயா கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் ஒரு துண்டைக் கையில் எடுத்து, "ஆட்டுமயிரா?" என்றார். மணி அடிக்கிறவர் இருமினார். "வேதத்தில் ஆண்டவருடைய ஆசரிப்புக் கூடாரத்துக்கே ஆட்டுமயிரில்தானே திரை நெய்தார்கள்! இதைச் சொல்ல என்ன வெட்கம்?" பிறகு அக்காவிடம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "நான் உன்னிடம் கைவேலை என்னவென்று கேட்டேன். நீ ஏன் சொல்லவில்லை?"

அக்கா விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பெண்ணே, கையால் இப்படிச் செய்யக்கூடியவளுக்கு என் பள்ளியில் இடம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்குப் போதிக்கிற வாய் பொய் பேசலாகாது. இனி உண்மையையே பேசுவாயா?"

"பேசுவேங்கய்யா."

"அப்படியானால் பொங்கல் கழிந்ததும் பெட்டியோடு வா."

அவ்வளவுதான், கிடைத்துவிட்டது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அக்கா குதிக்கவில்லை, "கொஞ்சம் புளி வேணுங்கய்யா" என்றாள். சமையல்கட்டிலிருந்து புளி வந்தது. கெட்டியாகக் கரைத்து வடிகட்டினாள். நைனா அப்பிய சுண்ணாம்பை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, துணியைப் புளித்தண்ணீரில் நனைத்துப் புல்லின்மேல் ஒற்றினாள். சிவப்பு போய்ப் பச்சை திரும்பி வந்தது! நான் கத்தியே விட்டேன். நாங்கள் ஒற்றி முடிக்க மத்தியானம் ஆயிற்று. நைனா அதுவரையிலும் வாசற்படிக்கு வெளியே நின்றார். உள்ளே வாங்க என்று அக்கா கூப்பிட்டும் வரவில்லை.

சாயங்காலம் அறை நிறைந்துவிட்டது. ஐயா சாவி கொடுக்க, இன்ஜின் பாலத்தைத் தாண்டி, கருகிய புல்லோரமாக மலையைச் சுற்றி வந்தது. பிள்ளைகள் கூவினார்கள். வக்கீல் வீட்டுப் பையன் மேஜைமேல் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மலைச் சரிவில் கன்னத்தை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, பூனைக்குட்டி மாரி இருக்குதும்மா" என்றான்.

வக்கீலம்மா எங்கள் பக்கம் வந்தாள். அவ்வளவு கிட்டே அவள் வந்தது அதுவே முதல் தடவை. முந்தானை தோளிலேயே இருந்தது. "மேஸ்திரி, இந்தப் புல்லை நீங்கதான் வாங்கியாந்தீங்களாமே? எங்க கெடைக்குது? இவன் இதே மாதிரி வேணும்னு பிடிவாதம் பண்றான்" என்றாள்.

முன் பெஞ்சு முழுவதும் நைனாவைப் பார்த்தது. ஐயாவும் பார்த்தார். சாவி கையில் அப்படியே நின்றது. காலையில் ஒருமுறை வெட்கப்பட்ட மனிதன் இப்போது எல்லோர் முன்னாலும் தன் மகள் பெயரைச் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. நைனா வாயைத் திறந்தார். அத்தர் வாசனையோடு வேர்வை அவர் கழுத்தில் இறங்கியது. அவர் கண் பையனின் கன்னத்தைவிட்டு நகரவில்லை. ஆட்டு மயிர் என்ற சொல் அவர் வாயில் வந்தால் அந்தக் கன்னம் எப்படி விலகும், அந்த முந்தானை எவ்வளவு வேகமாக மேலே ஏறும், அதெல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நைனாவின் உதடு மட்டும் ஆடியது, சத்தம் வரவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் அதற்குப் பிறகு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து புளியிலும் மஞ்சளிலும் ஊறிய அந்த விரல்கள் பின்னால் நின்ற என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன.

"மெட்ராஸ்லங்கம்மா" என்றாள். "எங்க நைனாதான் போய் வாங்கியாந்தாரு."

நைனா மூச்சு விட்டார். வக்கீலம்மா, "அதான பார்த்தேன். இங்க ஏது இதெல்லாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐயா அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்ஜினுக்குச் சாவி கொடுத்தார்.

பொங்கல் கழிந்து அக்கா பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். மணி அடிக்கிறவர் வந்து, இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நல்ல மனிதரிடம் எல்லாப் பொய்க்கும் ஒரே படிதான் இருந்தது. நைனாவின் பொய்யை அளந்த படியிலேயே அக்காவின் பொய்யையும் அளந்துவிட்டார். மறுவாரம் அக்கா அம்மாவோடு கொட்டகைக்குப் போனாள்.

நைனா கண்ணை மூடும்வரை சொந்தக்காரர்களிடம் ஒரு கதை சொல்வார். "நம்மகிட்ட வாடை அடிக்குதாம். அதனாலதான் என் பொண்ணுக்கு எடம் தரல அந்த வெள்ளைக்காரன்" என்பார். நிஜமாகவே அப்படி நம்பினாரா, நம்புவதுபோலப் பேசினாரா, எனக்குத் தெரியாது. அக்கா சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாளும் திருத்தியதில்லை. நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும், அவர் செத்த அன்றுகூட இருந்தது. அவரிடம் வாடை அடித்ததே இல்லை என்று யாராவது ஒருவர் ஒருமுறை சொல்லியிருந்தால் அவர் வாயிலிருந்து அன்றைக்கு அக்கா பெயர் வந்திருக்குமோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சில வருஷம் கழித்து அதே பள்ளியில், வேறொரு பாதிரியார் காலத்தில், நான் டீச்சருக்குப் படித்தேன். பெட்டி அக்காவுடையது, அவள் அன்றைக்குக் கட்டி வைத்த அதே பெட்டி. அவள் ராணிப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு, அங்கேயும் தோல் வேலைதான் செய்து, போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அந்த ரயில் எங்கே போயிற்றோ தெரியாது. புல்லை எலி தின்றிருக்கும்.

ஆம்பூர்ப் பெரியவரே, கூட்டத்தில் உங்களுக்கு நான் கை தட்டினேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் தேய்த்துப் பார்த்தீர்களே, அது எங்கள் தோல் ஷாப்பு ஆட்டு மயிர். மெட்ராஸில் அப்படிப் புல் எந்தக் காலத்திலும் விற்கவில்லை. அதைச் செய்தவள் என் அக்கா.